சீகூர்ப் பயணம்: புதுப்பிப்பு
உதகையிலிருந்து சீகூர் பீடபூமிக்குப் பறவை பார்க்கச் செல்ல எந்த நேரம் ஏற்றது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். விடியலில் புதர்க்காட்டுப் பறவைகளையும், வெயில் ஏறிய பின் பாறு கழுகுகளையும் (பிணந்தின்னிக் கழுகுகள்) தேடச் சொன்ன அறிவுரை முற்றிலும் சரியாக இருந்தது.

கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதே குளிரும் சோலையும் மறைந்து, மழைமறைவுப் பகுதிக்குரிய முட்புதர்கள் தொடங்கிவிட்டன. மசினகுடி அருகே பனங்காடை, கௌதாரி, மஞ்சள் மூக்கு ஆள்காட்டி ஆகியவற்றைக் கண்டோம். முதுமலைப் புலிகள் காப்பகச் சாலையில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பதால், மற்றவற்றைக் குரலால் மட்டுமே அறிந்தோம்.

பத்து மணிக்குமேல், மேலெழும் வெப்பக்காற்றில் சிறகசைக்காமல் வட்டமிட்ட ஆறு பறவைகளுள் ஐந்து வெண்முதுகுப் பாறுகள். ஆறாவது, சிவந்த தலையும் தொடையருகே வெண்திட்டுகளும் தெளிவாகத் தெரிந்த செந்தலைப் பாறு. கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் மருந்து தருவது (அவற்றின் சடலங்களைத் தின்னும் பாறுகளுக்கு அது நஞ்சு) 2006இல் தடைசெய்யப்படும் முன்பே நாடெங்கும் பெரும்பாலும் அழிந்துபோன இந்த இனம், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் எஞ்சியிருப்பதைக் கண்டபோது நெடுநேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. இன்னொரு பாறு இனமான கருங்கழுத்துப் பாறு தென்படவில்லை. அதற்காக மீண்டும் செல்வேன்.