ஜெய்சல்மர் வரை ஸ்லீப்பரில் போனவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம்ங்க, கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். டிசம்பர் கடைசியில் அப்பாவும் நானும் ஜெய்சல்மர் போகிறோம். நம்மூரில்தான் ஸ்டேஷன் இல்லையே, பெங்களூரு வரை பஸ். அங்கிருந்து ஜோத்பூர் ரயில், அப்புறம் ராத்திரி வண்டி.

அப்பாவுக்கு 67 வயது. ஏசி வேண்டாமாம், ஜன்னலைத் திறந்துவைத்து மலையும் மணலும் பார்க்கணுமாம். காசிக்குப் போனபோதே விடிகாலையில் அவர் வெள்ளைத் துண்டை உதறினால் பெர்த் முழுக்கப் புழுதி. தார் பாலைவனத்தில் என்ன ஆகுமோ!

வழியில் புனேக்கு அப்பால் லோனாவாலா தாண்டி, போர் காட் (Bhor Ghat) மலைப்பாதையில் 37 அடிக்கு ஓர் அடி சரிவு. மேலே ஏறும் வண்டிகளைப் பின்னால் இஞ்சின் மாட்டித் தள்ளுவார்கள். நாங்கள் இறங்கும்போது பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் தெரியும்? பகல் வெளிச்சம் இருக்குமா?

முக்கியமான குழப்பம் டிக்கெட். அப்பாவுக்குத் தனியாகப் போட்டால் மூத்தோர் கோட்டாவில் கீழ் பெர்த் கேட்கலாம். ஆனால் நான் வேறு பெட்டியில் விழுந்துவிட்டால்? சேர்த்துப் போட்டால் கோட்டா கிடையாது. நீங்கள் எப்படிச் செய்தீர்கள்? முன்பதிவு 60 நாள் முன்புதான் திறக்கும், அதற்குள் முடிவு செய்யணும்.

ஸ்லீப்பரில் போர்வை தரமாட்டார்கள். அந்தக் குளிருக்கு ஆளுக்கு ஒரு கம்பளி போதுமா? அபு ரோடு ஸ்டேஷனில் விற்கும் ரப்டி (பால் இனிப்பு) பற்றி யாரும் சொல்ல வேண்டாம், அது ஏற்கெனவே லிஸ்டில் இருக்கிறது.