ஹெபடைடிஸ் பி இருந்தாலும் ஐ.வி.எஃப். செய்யும் மையம் மும்பையில் தெரியுமா?

செம்பூர், மாட்டுங்கா பக்கம் இருக்கும் நம்மவர்களிடம் ஓர் உதவி. என் கணவருக்கு நாள்பட்ட ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று). மாத்திரையில் வைரஸ் அளவு கட்டுக்குள் இருக்கிறது. நான் 3 தவணை தடுப்பூசியும் போட்டு, எதிர்ப்பு சக்தி வந்துவிட்டதை ரத்தப் பரிசோதனையிலும் பார்த்தாயிற்று.

குழந்தைக்கு ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் குழந்தை முறை) தேவை என்கிறார்கள். ஆனால் நாங்கள் போன மையத்தில், தொற்று உள்ளவர்களின் கருவைத் தனித் தொட்டியில் உறையவைக்க வசதியில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். (அதைச் சொன்ன தொனி இருக்கிறதே, அது வேறு கதை.) அந்த வசதியுள்ள இடம் மும்பையிலோ நவி மும்பையிலோ யாருக்காவது தெரியுமா? கல்லீரல் மருத்துவரும் அங்கேயே இருந்தால் ரொம்ப நல்லது. செலவு எவ்வளவு ஆனது என்றும் சொல்லுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு விஷயம் தெரியாது, அதனால் பதிலை இன்பாக்ஸில் போடுங்கள். அப்புறம், கீழாநெல்லி யோசனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.