மகனுக்குச் சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று: சென்னையில் வாங்கியவர்கள் வழி சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். கோடம்பாக்கத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடும் உண்டு. வரும் தையில் 18 வயது முடிகிறது.

இத்தனை வருஷம் அவனை வளர்த்தது நான் மட்டும் இல்லை. இன்றும் மாமியார்தான் சோறு ஊட்டுவார். இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் "முருகா" என்பார். அந்தப் பேரைக் கேட்டால்தான் வாய் திறப்பான். கிருத்திகைக்கு வடபழனி கோயிலுக்குக் கூட்டிப்போவது கொழுந்தனார். முருகன் கொடுத்த துணை இவர்கள்.

18 முடிந்தால் பெற்றோரே ஆனாலும், 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பித்துத்தான் பாதுகாவலர் ஆக முடியும். யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) கையில் இருக்கிறது.

சென்னையில் சமீபத்தில் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பிள்ளையை நேரில் அழைத்துப்போகச் சொன்னார்களா? கூட்டம், சத்தம் என்றால் அவனுக்கு உடம்பே விறைத்துவிடும், அதுதான் பெரிய கவலை. எங்களுக்குப் பிறகு கொழுந்தனார் பார்த்துக்கொள்ள இப்போதே என்ன எழுதி வைக்கலாம்? அவர் மனசார ஒப்புக்கொண்டுவிட்டார். தெரிந்தவர்கள் கமெண்டிலோ இன்பாக்ஸிலோ சொல்லுங்கள், ப்ளீஸ்.