மாரி மழைக்கு ஒரு தந்திக் குழு இசை: அமிர்தவர்ஷிணியில் ஐமிச்சம்

கேள்வி:
எங்கட மாரியை வைச்சு இரண்டு வயலின், வியோலா, செல்லோ, மிருதங்கத்துக்கு எழுதுறன். அமிர்தவர்ஷிணி ராகம், இரண்டு கட்டை (ஸட்ஜம் ‘டி’), ஆதி தாளம். வாசிக்கிறவை மேற்கத்தைய முறையிலதான் சுருதி சேர்ப்பினம். வெறும் தந்தி (விரல் வைக்காதது) பட்டால் ராகம் கெடுது; தந்தியைச் சுண்டிக் காட்டுற மழைத்துளியும் மெஷின் மாதிரிக் கேக்குது. என்ன செய்யலாம்?

பதில் 1:
ஸட்ஜம் ‘டி’ எண்டால் வயலினின்ர வெறும் ‘ஜி’ சுத்த மத்திமம், ‘ஈ’ சதுஸ்ருதி ரிஷபம். வியோலா, செல்லோவின்ர ‘சி’ கைசிகி நிஷாதம். மூண்டும் ராகத்துக்கு வெளியாலை. ‘டி’, ‘ஏ’ தந்திகளை மட்டும் வெறுமனே விடுங்கோ, மற்றதுக்கு விரல் எண் போடுங்கோ. செல்லோவில ‘சி’, ‘ஜி’ தந்திகளுக்குக் குறுக்கே முதல் விரலை வைச்சால் கீழ் ஸட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்து வரும். தந்தியை முறுக்கத் தேவையில்லை.

பதில் 2:
துளிக்கு சம இடைவெளி குடுக்காதேங்கோ, அங்கைதான் பிழை. முதல் வயலின் 5 மாத்திரைக்கு (அட்சரத்தில, அதாவது தாள அடியில, கால்வாசி ஒரு மாத்திரை) ஒருக்கா சுண்டட்டும், இரண்டாவது 7க்கு ஒருக்கா. 35 மாத்திரைக்குப் பிறகுதான் திரும்பச் சேரும். தாளமோ 8 அட்சரம், 32 மாத்திரையில முடியுது, அதால ஒவ்வொரு தாளச் சுற்றிலயும் துளி வேற இடத்தில விழும். மழை வலுக்கேக்க வில்லுக்கு மாறுங்கோ, மாற ஒரு அட்சரமாவது வெறுமை விடோணும். வேகமாச் சுண்டினால் ஒலி மெலியும்.

பதில் 3:
தம்பி, மிருதங்கத்தை மறந்திட்டீர். ஈரக் காத்தில தோல் தளர்ந்து வலந்தலையின்ர (வலப்பக்கத் தோல்) சுருதி இறங்கும், ஏசி மண்டபத்தில காய்ஞ்சு ஏறும். மண்டபத்துக்குள்ள கொஞ்ச நேரம் வைச்சிட்டுத்தான் சுருதி சேர்க்கோணும். நடுவில செல்லோ மட்டும் வாசிக்கிற பகுதி ஒண்டு வையும். அதுக்குள்ள தட்டிச் சரி பண்ணலாம்.