மூளைப் புற்றுநோய்க்கு சாப்பாடு காரணமா?

ஆதிரை: கிளியோமா (மூளையின் துணைச் செல்களில் தோன்றும் கட்டி) வந்த ஒருவரின் மனைவி, இது சாப்பாட்டால் வந்ததா என்று இங்கே சந்தேகம் கேட்டிருந்தார். "பதப்படுத்திய இறைச்சியைத் தவிர்த்திருந்தால் வந்தே இருக்காது" என்று செழியன் பதில் எழுதியிருக்கிறார். எந்த ஆதாரத்தில்? பெரியவர்களுக்கு வரும் கிளியோமாவுக்கு உறுதியான காரணங்கள் என்றால் தலையில் பட்ட அதிகக் கதிர்வீச்சும், லி-ஃப்ராமேனி போன்ற அரிய பரம்பரைக் கோளாறுகளும்தான். பெரும்பாலானவர்களுக்கு இரண்டுமே இருக்காது.

செழியன்: ஆதாரம் இருக்கிறது சகோ. எத்தில்நைட்ரோசோயூரியா என்ற வேதிப்பொருளைச் சினை எலிக்கு ஒரே ஒரு முறை கொடுத்தால், குட்டிகள் வளர்ந்தபின் மூளையில் கட்டி வருகிறது. 1960களிலேயே பார்த்த விஷயம் இது. இறைச்சி கெடாமல் இருக்கச் சேர்க்கும் நைட்ரைட்டும் வயிற்றுக்குள் போய் இதே குடும்பத்து நைட்ரோசோ சேர்மங்களாக மாறலாம். பதப்படுத்திய இறைச்சியை முதல் வகைப் புற்றுக்காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமையே 2015இல் அறிவித்துவிட்டதே?

ஆதிரை: அறிவித்தது பெருங்குடல் புற்றுநோயை வைத்து. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் அந்த ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்றார்கள். மூளையைப் பற்றி அப்படி எதுவும் சொல்லவில்லை.

இறைச்சிக்கும் கிளியோமாவுக்கும் தொடர்பு காட்டியவை பெரும்பாலும், நோய் வந்தபின் "முன்பு என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்ட ஆய்வுகள். கட்டியால் பேச்சும் நினைவும் குழம்பிப்போனவரிடம் பதில் வாங்க முடியாது. பக்கத்தில் இருக்கும் கணவனோ மனைவியோதான் சொல்வார்கள். எதனால் வந்தது என்று ராத்திரி பகலாகத் தேடிக்கொண்டிருப்பவருக்கு, எது கெடுதல் என்று கேள்விப்பட்டாரோ அதுதான் முதலில் ஞாபகம் வரும். நோய் வருவதற்கு முன்பே உணவை எழுதி வாங்கி, பல வருடம் பின்தொடர்ந்த மூன்று அமெரிக்க ஆய்வுகளைச் சேர்த்து 2009இல் வெளியிட்டார்கள். அதில் பதப்படுத்திய இறைச்சிக்கும் கிளியோமாவுக்கும் தொடர்பு தெரியவில்லை.

செழியன்: அதில் கிளியோமா வந்தவர்கள் வெறும் 335 பேர். சின்ன ஆபத்து அந்த எண்ணிக்கையில் கண்ணில் படுமா? சிறுவயதுச் சாப்பாடு காரணமாக இருந்தால், நடுவயதில் கொடுத்த கேள்வித்தாளில் அது எப்படி வரும்? நிரூபணமாகவில்லை என்பதற்காகப் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. குறைக்கச் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மருதன்: குறுக்கிடுகிறேன். அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு மீதும் 1996இல் இதே புகார் வந்தது. பிறகு அமெரிக்காவில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஆய்வில் மூளைக்கட்டியோடு தொடர்பு இல்லை. உடல் பருமனுக்கும் மெனிஞ்சியோமாவுக்கும் தொடர்பு இருப்பது மட்டும் ஓரளவு உறுதி. ஆனால் அது மூளை உறையில் வரும் கட்டி, பெரும்பாலும் புற்றல்ல.

ஆதிரை: குறைக்கச் சொல்லுங்கள் செழியன், குடலுக்கு நல்லது, நானும் சொல்வேன். "வந்தே இருக்காது" என்பது வேறு. இத்தனை வருடம் சமைத்துப் போட்டவர் அதைப் படித்தால், தன் கையாலேயே நோயைக் கொடுத்துவிட்டதாகத்தானே நினைப்பார்?

செழியன்: சரி, இனிமேலாவது உணவால் பலன் இருக்குமே. சர்க்கரையை அடியோடு நிறுத்தி கீட்டோவுக்கு (மாவுச்சத்து மிகக் குறைந்த, கொழுப்பு அதிகமான உணவுமுறை) மாறினால் கட்டி பட்டினி கிடக்காதா?

ஆதிரை: ஜெர்மனியில் மீண்டும் கட்டி வளர்ந்த 50 பேரை வைத்துச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். கீட்டோவும் விரதமும் சேர்ந்தும் ஆறு மாதத்தில் நோய் வளர்வதைத் தடுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு இப்போது தேவையான தகவல் வேறு: மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். மருந்தைத் தானாக நிறுத்தக் கூடாது. சர்க்கரையை அடிக்கடி பரிசோதித்து, என்ன கொடுக்கலாம் என்று சிகிச்சை தரும் மருத்துவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.