ஜெம்பேயின் கயிற்றை இறுக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். என்னிடம் மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாவில் செய்த ஜெம்பே, அதாவது கையால் அடிக்கும் மேளம், ஒன்று இருக்கிறது. ஒரே மரத்தைக் குடைந்த கோப்பை வடிவ உடல், ஆட்டுத்தோல், மூன்று இரும்பு வளையங்கள், மேல் கீழ் வளையங்களை இணைத்துத் தோலை இழுத்துப் பிடிக்கும் செங்குத்துக் கயிறுகள். ஈரக்காற்று தொடங்கியதிலிருந்து தோல் தொய்ந்துவிட்டது. அடிநாதம் மட்டும் வருகிறது. விளிம்பில் அறைந்தால் எழ வேண்டிய கூர்மையான ஒலி, ஈரத்துணியைத் தட்டியதுபோல் அமுங்கிப்போகிறது.

மாலி பின்னல் முறையில் இறுக்கிப் பார்த்தேன். கயிற்றை இரண்டு செங்குத்துக் கயிறுகளுக்கு அடியில் நுழைத்து, ஒன்றின் மேலாகத் திருப்பி இழுக்கிறேன். அவை ஒன்றையொன்று தாண்டிப் பின்னிக்கொண்டு வைர வடிவ முடிச்சு வருகிறது. ஆனால் நான்காவது முடிச்சுக்குப் போவதற்குள் முதல் முடிச்சு தளர்ந்துவிடுகிறது. உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம்!

இப்போது கீழ்வரிசையில் ஏழு முடிச்சுகள் இருக்கின்றன. மேற்கொண்டு முடிச்சுப் போடுவதா, எல்லாவற்றையும் அவிழ்த்துச் செங்குத்துக் கயிறுகளையே முதலில் ஒவ்வொன்றாக இழுத்து இறுக்குவதா? தனி ஆளாக இழுப்பவர்கள் இழுத்த கயிறு நழுவாமல் எப்படிப் பிடித்துக்கொள்கிறீர்கள்? மேல்வளையம் ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் இறுக்கினால் தோல் கிழிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லாதீர்கள். வைத்துப் பார்த்தேன், மாலைக்குள் பழைய கதைதான்.