புதிய கணக்குகளுக்கு யூசர்நேம்: பெயரை வைத்தா, எண்ணை வைத்தா?

செழியன்:
வேலைக்குப் புதிதாகச் சேருபவர்களுக்கு யூசர்நேமும் மின்னஞ்சல் முகவரியும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல் மூலம் தானாகவே உருவாகும்படி செய்யப் போகிறோம். முதல் பெயர், புள்ளி, கடைசிப் பெயர். அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் பின்னால் 2, அப்புறம் 3. இதில் ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்.

தேன்மொழி:
அடித்தளமே பலவீனம் என்பேன். பெயர் மாறக்கூடியது. திருமணத்தில் மாறும், மணமுறிவில் மாறும், சிலர் சட்டப்படியே மாற்றிக்கொள்வார்கள். குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத மக்களும் நிறைய. அவர்களுக்குப் புள்ளிக்குப் பின்னால் என்ன போடுவீர்கள்? பெயரோடு தொடர்பில்லாத ஆறு இலக்க எண் ஒன்றைக் கொடுங்கள். ஒருமுறை கொடுத்தால் கடைசிவரை அதுதான்.

மாறன்:
டேட்டாபேஸுக்கு அது சரி, மனிதர்களுக்குச் சரிவராது. 482913 என்று தொடங்கும் முகவரியைத் தொலைபேசியில் சொல்லி ஒருவரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஓர் இலக்கம் மாறினால் அஞ்சல் வேறொருவரிடம் போய்ச் சேரும், அனுப்பியவருக்குத் தெரியவே தெரியாது. பெயரில் எழுத்துப்பிழை வந்தால் பெரும்பாலும் அஞ்சல் திரும்பி வந்துவிடும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் பெயருக்குப் பின்னால் நான்கு இலக்கம் ஒட்டியிருந்தது. பலருக்குத் தங்கள் இலக்கமே நினைவில் இல்லை என்று சொல்லித்தான் 2023-இல் அதைக் கைவிட்டார்கள்.

தேன்மொழி:
மாறன், அந்த உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. பெயரோடு எண்ணை ஒட்டுவதுதானே செழியனின் திட்டமும்? எண் இல்லாத முகவரி ஒருவருக்கு, 2 போட்ட முகவரி இன்னொருவருக்கு என்றால், இரண்டாமவரின் சம்பள விவரம் ஒருநாள் முதலாமவரின் பெட்டியில் விழுந்தே தீரும். டிஸ்கார்டிலும் உள்ளுக்குள் ஒவ்வொரு கணக்குக்கும் மாறாத எண் ஒன்று எப்போதும் உண்டு. பெயர் அதன்மேல் ஒட்டிய சீட்டு, அவ்வளவுதான்.

மாறன்:
வரிசை எண் குழப்பும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் பெயரையே தூக்கி எறிய வேண்டுமா? உள்ளே எண் இருக்கட்டும். வெளியே தெரியும் முகவரி பெயராகத்தான் இருக்க வேண்டும். பெயர் மாறினால் புதிய முகவரி கொடுத்து, பழையதை ஏலியாஸாக, அதாவது அதே பெட்டிக்கு அஞ்சல் வந்துசேரும் மாற்று முகவரியாக, வைத்துக்கொள்ளலாம்.

கயல்:
ஏலியாஸ் சரி. ஆனால் ஆள் விலகிய பிறகு அந்த முகவரி என்ன ஆகும்? இருவருமே அதைத் தொடவில்லை, எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிவது அதுதான். 2013-இல் யாஹூ, நெடுங்காலம் பயன்படாத பெயர்களைப் புதியவர்களுக்குக் கொடுத்தது. பழைய உரிமையாளருக்கு எழுதப்பட்ட அந்தரங்க அஞ்சல்கள் புதியவர்களின் பெட்டியில் வந்து விழுந்தன. மற்ற தளங்களின் பாஸ்வேர்ட் மீட்பு அஞ்சலும் இதே வழியில்தானே வரும்? இந்தச் சிக்கலுக்காகவே யாஹூவும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து மின்னஞ்சலுக்கான தொழில்நுட்ப விதிமுறை ஒன்றை எழுதின. இணைய விதிமுறைகள் வெளியாகும் ஆர்எஃப்சி வரிசையில் 7293-ஆவது ஆவணமாக 2014-இல் அது வெளிவந்தது. ஆகவே செழியன், உங்கள் ஸ்கிரிப்ட் "இப்போது இருக்கிறதா" என்று மட்டும் பார்த்தால் போதாது. எப்போதாவது இருந்ததா என்றும் பார்க்க வேண்டும். நீக்கிய பெயர்களைத் தனிப் பட்டியலில் வைத்து, யாருக்கும் மறுபடி கொடுக்காதீர்கள்.

அதே பட்டியலில் போஸ்ட்மாஸ்டர், அட்மின், ஹோஸ்ட்மாஸ்டர் போன்ற, நிர்வாகிகளுக்கு உரிய பெயர்களையும் சேருங்கள். 2015-இல் ஃபின்லாந்தில் ஒருவர் மைக்ரோசாஃப்டின் லைவ்.எஃப்ஐ சேவையில் ஹோஸ்ட்மாஸ்டர் முகவரியைப் பதிவுசெய்து, அதைக் காட்டியே, அந்த டொமைனின் நிர்வாகி போல அதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டார்.

செழியன்:
பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் உருவாக்குகிறோம். 2, 3-க்குப் பதில் ரேண்டமாக நான்கு இலக்கம் போட்டால்?

தேன்மொழி:
ரேண்டம் என்றால் மோதாது என்று நினைக்க வேண்டாம். மொத்தம் 10,000 எண்கள்தான். ஒரே பெயரில் சுமார் 120 பேர் சேர்ந்தாலே, யாரோ இருவருக்கு ஒரே எண் விழ ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

கயல்:
தேடிவிட்டு உருவாக்குவதிலும் ஓட்டை இருக்கிறது. இரண்டு விண்ணப்பங்கள் ஒரே நொடியில் தேடினால் இரண்டுக்குமே "இல்லை" என்றுதான் பதில் வரும். டேட்டாபேஸில் யூனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் வையுங்கள், அதாவது ஒரே பெயர் இரண்டு முறை பதிவாகாமல் தடுக்கும் விதி. நேராக எழுதிப் பாருங்கள், மறுத்தால் அடுத்த பெயருக்குப் போங்கள். கணக்குகளை நிர்வகிக்க மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரி என்றால் பழைய வகை லாகின் பெயருக்கு 20 எழுத்துதான் வரம்பு. நீண்ட பெயர்களை வெட்டிய பிறகு மோதல் வருகிறதா என்று பாருங்கள், வெட்டுவதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை.

செழியன்:
சரி. உள்ளே மாறாத எண், வெளியே பெயர். பெயர் மோதினால் ஸ்கிரிப்ட் தானாக எதையும் ஒட்டாது. அவரிடமே கேட்டு, அவர் விரும்பும் வடிவத்தைக் கொடுக்கிறோம்.

தேன்மொழி:
லாகினுக்கு எண்தான் என்பதில் நான் மாறவில்லை. முகவரியை அவரவரிடம் கேட்பது நல்ல முடிவு. ஆனால் புள்ளியாலோ பெரிய எழுத்து, சின்ன எழுத்தாலோ மட்டும் வேறுபடும் இரண்டு முகவரிகளை அனுமதிக்காதீர்கள். ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கில் கொள்வதே இல்லை, அதனால் அனுப்புகிறவர்களும் புள்ளியைப் பெரிதாகப் பார்ப்பதில்லை.